பாட்டை நிறுத்திக் கை வைத்துப் பார்த்தல்

கார்களுக்குப் பாட்டுச் சாமான் பூட்டுகிற வேலையை நான் விட்டு ஏழு வருடமாகிறது. ஆனாலும் என் பெறாமகன், தம்பியின் பிள்ளை, சுன்னாகத்தில் நடத்துகிற கடையில் வாரத்துக்கு இரண்டு நாளாவது போய் உட்காராவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. அங்கே வேலை செய்கிற மெக்கானிக்மாருக்கு என்னைப் பற்றி ஒரு பகிடி இருக்கிறது. அவர்கள் வூபர் என்கிற பெரிய ஒலிபெருக்கியும் அம்பிளிபயரும் பூட்டி முடித்து, கடைக் கண்ணாடி அதிரப் பாட்டுப் போட்டுக் காட்டி, வாடிக்கையாளர் வாயெல்லாம் பல்லாக நிற்கும்போது நான் எழும்பிப் போவேன். பாட்டை நிறுத்தச் சொல்லுவேன். எஞ்சினை ஓடவிடச் சொல்லுவேன். பிறகு வூபரின் கடதாசிக் கூம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். "ஐயா வூபருக்குக் காய்ச்சல் பாக்கிறார்" என்று அவர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள்.

போன கிழமை அவர்களில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். "ஐயா, உதுக்கெல்லாம் இப்ப மெசின் இருக்கு. உங்கடை கை என்னத்தைச் சொல்லப்போகுது?"

அந்த நேரம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் நீளமானது, கடையில் நின்று சொல்ல முடியாது. இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் நீர்வேலிக்காரன். வீட்டில் எல்லாரும் வாழைத் தோட்டம்; எனக்கு மண்வெட்டி பிடிக்கப் பஞ்சி. மின்சார வேலை படித்து, வடக்குக் கரையோரம் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் மோட்டார்களோடு மாரடித்தேன். நாட்டு நிலைமை கெட்டு அங்கே வேலை குறைந்தபோது, எண்பதுகளின் நடுவில், முப்பத்தைந்து வயதில், யாழ்ப்பாணத்தில் யூட் என்பவருடைய கடையில் போய்ச் சேர்ந்தேன். பழகும் காலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நானூறு வோல்ற்றில் கை வைத்தவனுக்குக் கார் பற்றரியின் பன்னிரண்டு வோல்ற் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. ஆறு மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. தலைக்கனம் அதற்கு முன்னமே பிடிபட்டிருந்தது.

யூட் குருநகர்க் கத்தோலிக்கர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் அவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்றுதான் எனக்கு வருகிறது. அவர் என்னை 'அண்ணை' என்பார், நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், இருவரும் 'நீங்கள்' போட்டுக் கதைப்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலையில் பிழை கண்டால், "அண்ணை, ஒருக்காக் கழட்டிப் பாப்பமோ?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு முதல் திருகாணியைத் தானே கழற்றத் தொடங்குவார். இரண்டு அறை விட்டாலும் தாங்கலாம், அந்தக் 'கழட்டிப் பாப்பமோ'வைத் தாங்க ஏலாது.

அவருடைய முறைகளை இன்றைக்கும் கனவில் கேட்டாலும் ஒப்புவிப்பேன். அம்பிளிபயருக்கு மின்சாரம் றேடியோவுக்குப் போகிற மெல்லிய வயரில் எடுக்கக் கூடாது. பற்றரியிலிருந்தே தனியாக, சுண்டுவிரல் தடிப்பில் வெல்டிங் கேபிள் இழுக்க வேண்டும். பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் இல்லையென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிறவன் கடையில் நிற்கக் கூடாது. தகரத்தில் துளை போட்டு வயரை விட்டால், பழைய ரப்பர் செருப்பில் வளையம் வெட்டி அந்தத் துளைக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் தகரம் வயரை அரிந்துவிடும். பாட்டு வருகிற வயர் காரின் இடப்பக்கத்தால் போனால் மின்சாரம் வருகிற கேபிள் வலப்பக்கத்தால் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் எஞ்சினின் முனகல் பாட்டுக்குள் வந்துவிடும். உடம்போடு சேர்க்கிற வயரைப் பெயின்ற்றைச் சுரண்டி, தகரம் பளபளக்கக் கண்ட பிறகுதான் முறுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருந்தது. யப்பான் வாகனங்களில் பற்றரியின் கழித்தல் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடிய பழைய இங்கிலாந்துக் கார்களில் பலவற்றில் தலைகீழ். கூட்டல் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். யப்பான் அம்பிளிபயரை அப்படிப்பட்ட காரில் வழமைபோலக் கொடுத்தால் அது அந்த இடத்திலேயே சாம்பல். ஆகவே எந்தக் கார் வந்தாலும் முதல் வேலை மீற்றரை வைத்துப் பார்ப்பது. "கண்ணை நம்பாதேங்கோ அண்ணை, மீற்றரை நம்புங்கோ" என்று முதல் நாளே யூட் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு எப்போதும் குறைவில்லை.

ஒருநாள் காலை மயிலிட்டியிலிருந்து அருளப்பு என்பவர் பழைய இங்கிலாந்து ஏ-நாற்பது கார் ஒன்றில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கடலில் காய்ந்த உடம்பு. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு இந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை செய்கிற மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால் அம்பிளிபயர் ஒன்று, சோற்றுத் தட்டின் அகலத்தில் வூபர் ஒன்று, காசெற் போடுகிற றேடியோ ஒன்று. அந்த நாளில் மினிபஸ்காரர் கண்டிருந்தால் கண் வைத்தே உடைத்திருப்பார்கள், அப்படியான சாமான். காரின் பின் சீற்றில் அருளப்புவின் மகள் ரெஜினா இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இறங்கவுமில்லை, கதைக்கவுமில்லை, நாங்கள் கதைக்கும்போது எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். நான் 'வணக்கம் பிள்ளை' என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னதற்கும் பதில் இல்லை. தகப்பனுக்குக் கார் வந்ததும் மகளுக்குக் கொழுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அருளப்பு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பெட்டியைப் பின் சீற்றோடை ஒட்டி வையுங்கோ தம்பி. சீற்றிலை இருக்கிற ஆளின்ரை முதுகிலை படவேணும்."

வூபரை அப்படி முதுகோடு முட்ட யாரும் வைப்பதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? காருக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தபடி கேட்டேன்: "என்ன அண்ணை, உங்கடை ஊரிலை பாட்டுக் காதாலை கேக்கிறேல்லையோ, முதுகாலையோ கேக்கிறது?"

அருளப்பு மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, குருநகரில் சொந்தக்காரர் வீட்டில் நின்றுவிட்டுப் பின்னேரம் வருவதாகச் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

யூட் மத்தியானம் சாப்பிடப் போனபோது அம்பிளிபயரைக் கொடுத்துப் பார்த்துவிடுவோம் என்று எனக்கு அவசரம். அப்படி ஒரு சாமானை நான் அதுவரை தொட்டதில்லை. எஞ்சின் மூடியைத் திறந்தேன். பற்றரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகிற பட்டி நீல நிறம், மற்றப் பட்டி சிவப்பு நிறம், முனைகள் உட்பட அழகாகப் பெயின்ற் அடித்துக் கிடந்தது. சிவப்பு என்றால் கூட்டல், இது உலகத்துக்கே தெரிந்தது. யாரோ முதலே இந்தக் காரை யப்பான் முறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். மீற்றர் மேசையில், எட்டு அடி தூரத்தில் கிடந்தது. 'ஒரு நிமிசம் கொடுத்துப் பார்க்கத்தானே' என்று பியூஸும் போடவில்லை.

ஒரு நிமிடம் தேவைப்படவில்லை. 'டப்' என்றது, நீலப் புகை வந்தது, கருகிய மணம் கடை முழுவதும் பரவியது.

வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு நின்றேன். பத்து வருட அனுபவம் என்று நான் சுமந்து திரிந்ததெல்லாம் அந்தப் புகையோடு போயிற்று. அடுத்து என்ன நினைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இது கப்பலில் வந்த பெட்டி. வரும்போதே பழுதாக வந்தது என்று சொன்னால் யார் கண்டது? துணியால் விசிறி மணத்தைக் கலைத்தேன். அம்பிளிபயரைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

யூட் வந்தார். மூக்கைச் சுளித்தார். அம்பிளிபயரைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அண்ணை, மீற்றர் வச்சனீங்களோ?"

'ஓம்' என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் பார்க்காமல் நின்றது உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டது போல இருந்தது.

"வைக்கேல்லை. சிவப்புப் பெயின்ற் அடிச்சுக் கிடந்துது. நம்பீட்டன்."

அவர் போய் ஆணி ஒன்றால் சிவப்புப் பெயின்ற்றைச் சுரண்டினார். அடியில் கழித்தல் குறி இருந்தது. விரலில் பட்ட பெயின்ற்றைத் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, இது தோணிக்கு அடிக்கிற பெயின்ற். உப்புக் காத்துக்குக் கறள் பிடிக்காமல் மனுசன் மிச்சத்தை அடிச்சு விட்டிருக்கு. கைபடக் கூடாத பக்கத்துக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம்." மயிலிட்டியில் தோணிக்கு எந்த நிறம் மிஞ்சுகிறது என்பதைக் கொண்டு நான் மின்சாரம் படித்திருக்கிறேன்.

பின்னேரம் அருளப்பு தனியாக வந்தார். நான் சாமான் அலுமாரிக்குப் பின்னால் ஏதோ தேடுகிறவன் மாதிரி நின்றேன். யூட் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அருளப்பண்ணை, உங்கடை சாமானை நாங்கள் எரிச்சுப்போட்டம்."

'நாங்கள்' என்றார். அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் நான் எரித்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உபகாரம் அந்த ஒரு சொல்தான் என்று வயது எழுபது தாண்டிய பிறகும் சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகு அலுமாரிக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. முன்னால் வந்து, "அவரில்லை அண்ணை, நான்தான்" என்றேன்.

அருளப்பு ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"என்ரை பிள்ளைக்குக் காது கேக்காது தம்பி. பன்ரண்டு வயதிலை மூளைக்காய்ச்சல் வந்து போனது. அதுக்கு முதல் கோயில் பாடகர் குழுவிலை அவள்தான் முன்னுக்கு நிக்கிறது. பிறகு வாய் திறந்து பாடினதே இல்லை. கதைக்கிறதும் குறைவு, உதட்டைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுவாள். அங்கை துறைமுகத்திலை ஆரோ ஒருத்தன்ரை காரிலை மகன் ஏறியிருக்கிறான். பாட்டு முதுகிலை இடிச்சுதாம். உடனை தங்கச்சியைத்தான் நினைச்சானாம். ஒரு வருசம் சேத்து வாங்கி அனுப்பினவன்."

எனக்குத் தலை நிமிர முடியவில்லை. காலையில் அவள் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டி நான் கேட்ட பகிடி நினைவுக்கு வந்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

அடுத்த மூன்று கிழமை யூட்டும் நானும் வேறு வேலையில் மனம் வைக்கவில்லை. அம்பிளிபயரைத் திறந்தால் காவல் டயோட்டு வெடித்து, இரண்டு பவர் ட்ரான்சிஸ்ரர் செத்து, பலகையில் செம்புக் கோடுகள் எரிந்து போயிருந்தன. ட்ரான்சிஸ்ரரின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி, கொழும்புக்கு ஓடுகிற வான் சாரதி ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். முதல் முறை வேறு இலக்கம் வந்தது. இரண்டாம் முறை சரியானது வந்தது. எரிந்த கோடுகளுக்குப் பதிலாக யூட் ஒவ்வொன்றுக்கும் வயர் வைத்து ஈயம் பற்றினார். நான் பக்கத்தில் இருந்து விளக்குப் பிடித்தேன். ஒரு நாளும் அவர் அந்தப் பெயின்ற் கதையை எடுக்கவில்லை.

காரையே யப்பான் முறைக்கு மாற்றுவது என்று யூட் முடிவு செய்தார். அந்த வேலையை முழுவதும் என்னிடம் விட்டார். எரித்தவனிடமே திரும்பக் கொடுத்தார். பற்றரியைக் கழற்றித் திருப்பி வைத்து, கழித்தல் முனையை உடம்போடு சேர்த்தேன். இரண்டு முனையும் ஒரே தடிப்பில்லாததால் கவ்விகளையும் மாற்றினேன். கொயிலின் இரண்டு வயரையும், மின்னோட்டம் காட்டுகிற மானியின் வயரையும் இடம் மாற்றினேன். கடைசியாக டைனமோவுக்கு இனி எந்தத் திசை என்று சொல்ல வேண்டும். அதன் சின்ன முனையின் வயரைக் கழற்றி, பற்றரியிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த முனையில் ஒருதரம், இருதரம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னதாய் ஒரு பொறி பறக்கும், அவ்வளவுதான். "டைனமோவுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு" என்றார் யூட். ஒவ்வொரு படியிலும் நான் மீற்றர் வைத்தேன். இரண்டு முறை வைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

பின் சீற்றின் முதுகோடு ஒட்டிப் பலகைப் பெட்டி அடித்து, வூபரை அதில் பதித்தோம். அருளப்பு ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டுப் போடுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு நானும் யூட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். முனகல் இல்லை, இரைச்சல் இல்லை. யூட் எனக்குப் பெருவிரலைக் காட்டினார்.

ரெஜினா பின் சீற்றில் சாய்ந்திருந்தாள். முகம் சுருங்கியது. தகப்பனின் தோளைத் தட்டி, தட்டையான குரலில் சொன்னாள்:

"பாட்டுத் துடங்கீட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, இன்னும் போடேல்லை" என்று அவர் உதட்டை அசைத்துக் காட்டினார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு கையைக் கதவில் வைத்தாள், மற்றக் கையைச் சீற்றில், வூபர் இருந்த இடத்தில் வைத்தாள். "இது வேறை. இது எஞ்சின். இஞ்சாலை இன்னொண்டு துடிக்குது."

காது கேட்கிற நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குள் பழைய தலைக்கனம் ஒருமுறை எழும்பி, 'இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று சொல்லப் பார்த்தது. நல்லவேளை, அது சொன்னதைக் கேட்டு ஒருமுறை பட்டிருந்தேன். சீற்றின் முதுகைக் கழற்றி எடுத்து, கூம்பில் உள்ளங்கையை வைத்தேன். எஞ்சினின் ஒவ்வொரு அடிக்கும் கூம்பு மெல்ல, மிக மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த துடிப்பு.

யூட் வந்து கையை வைத்துப் பார்த்தார். "அண்ணை," என்றார். அவர் முடிக்குமுன் நானே சொன்னேன்: "கழட்டிப் பாப்பம்."

பிழை என்னுடையதுதான். அம்பிளிபயரின் உடம்பு வயரைக் காரின் பின் தரையில், பெயின்ற்றைச் சுரண்டி, தகரம் மின்ன முறுக்கியிருந்தேன். அந்தத் தரை காரின் தரையே இல்லை. கறள் தின்ற இடத்தில் அருளப்பு தோணிக்காரத் தச்சரைக் கொண்டு தகரத் துண்டு ஒன்றை ஆணி இறுக்கி ஒட்டியிருந்தார், தண்ணீர் வராமல் சுற்றிவரத் தார் பூசி. தோணிக்கு அருமையான வேலை; மின்சாரத்துக்கு அரைகுறைப் பாதை. மீற்றரை வைத்து நான் பார்த்தபோதும் அது சரியென்றுதான் காட்டியது. வயரை எடுத்துக் காரின் அடிச்சட்டத்தின் தடித்த இரும்பில் முறுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டேன். கூம்பில் கை வைத்தேன். அசைவில்லை.

ஆனாலும் நான் அதை நம்பவில்லை. சீற்றைப் பூட்டிவிட்டு ரெஜினாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் பழையபடி வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, "இப்ப இல்லை" என்றாள்.

அருளப்பு சட்டைப் பையிலிருந்து காசெற் ஒன்றை எடுத்துப் போட்டார். அவர்களுடைய கோயில் பாடகர் குழுவின் பதிவு. மேளம் முதலில் வந்தது. ரெஜினாவின் தோள்கள் திடுக்கிட்டன. நெற்றியைச் சுருக்கி, எதையோ எண்ணுகிறவள் மாதிரி இருந்தாள். முதல் அடி போயிற்று, இரண்டாம் அடி போயிற்று. மூன்றாம் அடியில் வாய் திறந்தது. குரல் கரகரத்து, மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. பத்து வருடமாக வாயில் வராத பாட்டை அவள் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அருளப்பு ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். யூட் கைத்துணியை எடுத்து, எண்ணெய் படாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். வெளிப்படையாகவே அழுதேன், வெட்கப்படவில்லை.

யூட் இப்போது கனடாவில். தொலைபேசியில் கதைக்கும்போது, "அண்ணை, மீற்றர் வச்சனீங்களோ?" என்று இன்னும் கேட்பார். தொண்ணூறில் சண்டையால் மயிலிட்டிச் சனம் ஊரைவிட்டு எழும்பிய பிறகு அருளப்புவையும் ரெஜினாவையும் நான் காணவில்லை. அந்த மூன்று பேருக்கும் நான் பட்ட நன்றிக்கடனைத் தீர்க்க என்னிடம் இருக்கிற ஒரே முறை, பாட்டை நிறுத்தி, கூம்பில் கை வைத்து நிற்பதுதான். கேட்ட மெக்கானிக்குக்கு இதுதான் பதில்.

அன்றைக்கு அவர்கள் புறப்படும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் மன்னிப்புக் கேட்கக் கார்க் கதவருகில் போனேன். நான் வாய் திறக்குமுன் ரெஜினா கண்ணாடியை இறக்கி, என்னை நேராகப் பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

"முதுகாலைதான் அண்ணை கேக்கிறது" என்றாள்.

அவள் பார்க்க, உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாகச் சொன்னேன்.

"ஓம், பிள்ளை."